படிக்கிற ரிமோட் யாருடையது

மகனுக்கு,

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீ அலுமாரிக்கு முன்னால் நின்று, “அம்மா, அந்தப் படிக்கிற ரிமோட் எங்க?” என்று கேட்டாய். தோஹாவில் நீ வேலைக்குப் போகப்போகும் ஹோட்டலில் அறைக்கு அறை வேறு வேறு டீவியாம். ரிமோட்டைத் தொலைத்துவிட்டுப் போகிறவர்களால் பெரிய தொல்லை என்று உனக்கு முன்னால் போன கூட்டாளி சொன்னானாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே, தெரியாது, எங்கே வைத்தேனோ என்றேன். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு, “சரி, பரவாயில்ல” என்று சொல்லிவிட்டுப் பயணப் பையை அடுக்கப் போய்விட்டாய். நான் சொன்னது பொய். ரிமோட் என் கல்யாணச் சேலைக்கு அடியில், ஒரு தலையணை உறைக்குள் இரண்டு வருடமாக இருக்கிறது. இதை வாயால் சொல்ல மூன்று தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும், சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஆகவே எழுதுகிறேன். வியாழக்கிழமை நீ புறப்படுவதற்கு முன்னால் ரிமோட்டும் இந்தக் கடிதமும் உன் பைக்குள் இருக்கும்.

அதை அப்பா குவைத்திலிருந்து அனுப்பியபோது உனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாய். மற்ற ரிமோட்டெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியால் டீவிக்குச் சைகை காட்டும். இது அந்தச் சைகையைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு பிறகு தானும் அப்படியே காட்டும். அதோடு வந்த ஆங்கிலத் தாளை விஞ்ஞான டீச்சரான நான் வாசித்துச் சொன்னேன், நீ செய்து பார்த்தாய். “அப்ப இது படிக்கிற ரிமோட்” என்று உன் தங்கச்சி பெயர் வைத்தாள். ஒரே மாதத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அலவத்துகொடயிலிருந்து ஃபரீதா ராத்தா வந்தது நினைவிருக்கிறதா? அவருடைய கணவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த டீவியின் ரிமோட்டை யாரோ மிதித்துவிட்டார்கள். அதே மாதிரி டீவி அவர் தம்பி வீட்டில் இருந்தது. அந்த ரிமோட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கினார். நம்முடையதுக்கு அதைப் படிப்பித்து, புது ரிமோட் கிடைக்கும் வரைக்கும் கொண்டுபோவதாக ஏற்பாடு. “எங்கட மாமி மூணு மாசமா ஒரே சனலப் பாத்துப் பாத்து சிங்களம் நல்லாப் படிச்சிட்டாங்க டீச்சர். இனி அவங்கள நிப்பாட்டணும்” என்றார். நீ சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சிந்தினாய்.

ஆனால் அது இலேசில் படிக்காது என்பது நமக்குத்தான் தெரியும். முதல் வாரம் முழுவதும் சிவப்பு வெளிச்சம் ஐந்து தடவை வேகமாகத் துடித்து, முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். இரண்டு ரிமோட்டின் மூக்கும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். ஒன்று தடிப்பாக இருந்தால் மற்றதுக்குக் கீழே கொப்பியை அடுக்கி உயர்த்த வேண்டும். இடைவெளி இரண்டு விரல் அளவு. ஒட்டி வைத்தாலும் பிழை, தள்ளி வைத்தாலும் பிழை. பொத்தானை நடுங்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, வெளிச்சம் அணைந்ததும் விட வேண்டும். இவ்வளவும் செய்தும் மத்தியானங்களில் படிக்கவில்லை, பொழுது சாய்ந்தால் படித்தது. காரணம் வெயில் என்று நான் சொன்னேன். வெயிலுக்குள்ளும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கிறது; நூறு பேர் கத்தும் வகுப்பில் ஒருத்தி மெதுவாகப் பாடம் சொன்னால் யாருக்குக் கேட்கும்? டியூப் லைட்டும் சுருள் பல்பும் கூட அதே குழப்பத்தைச் செய்தன. ஆகவே நடு அறை யன்னலைச் சாத்தி, மேலே படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, பல்பை அணைத்து, இரண்டு ரிமோட்டையும் ஒரு துவாயால் மூடி, துவாய்க்குள் கையை விட்டு அழுத்தப் பழகினோம். அதன் பிறகு அது ஒரு தடவையில் படித்தது. நாம் இரண்டு பேரும் மிகவும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

யுத்தம் மறுபடியும் தொடங்கியிருந்த நாட்கள் அவை. வீதியோரக் குண்டுகளை ரிமோட்டால் வெடிக்க வைக்கிறார்கள் என்று வானொலி தினமும் சொன்னது. கண்டியில் நம் மஹய்யாவையில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று பொலிஸில் பதிந்த துண்டை நாங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். அதே வீட்டில், இருட்டாக்கிய அறையில், ஒரு தமிழ்ப் பிள்ளை துவாய்க்குள் ரிமோட்டை மறைத்து வைத்திருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று, பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிப் படிப்பிக்கும் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. என் முதல் பிழை அது. இது சிறிய பிழை. பெரியதற்குப் பிறகு வருகிறேன்.

ராத்தா ரிமோட்டை விட்டுப்போன அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். நீ ராத்தாவின் ரிமோட்டோடு அறைக்குள் இருந்தாய். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் நான் துவாயின் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சம்பலுக்குத் தேங்காய் துருவ வந்திருந்தேன். தங்கச்சி பக்கத்து வீட்டில். தேடுதல் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை; நாய் குரைத்தது, பார்த்தால் வாசலில் மூன்று இராணுவத்தினரும் ஒரு பொலிஸ்காரரும். பதிவுத் துண்டைக் காட்டினேன். பெயர்களை எண்ணினார்கள். மகன் எங்கே என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஒருவர் அறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். அது நான்தான் என்று நினைத்து நீ உள்ளேயிருந்து கத்தினாய்: “தொறக்காதீங்கம்மா, வெளிச்சம் வந்திரும்!”

அந்தக் குரலை நான் இப்போதும் கேட்கிறேன். அதில் கள்ளமே இல்லை; கொஞ்சம் சலிப்புத்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பூட்டிய இருட்டறைக்குள்ளிருந்து ஓர் இளைஞன் கத்துகிறான், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். கதவு உதைபட்டது. துவாயைத் துப்பாக்கி முனையால் தூக்கினார்கள். கீழே இரண்டு கறுப்புச் சாமான், ஒன்றில் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிகிறது. எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். உன்னைச் சுவரோடு நிற்க வைத்தார்கள். நீ எனக்குத் தெரிந்த சிங்களத்தைவிட நல்ல சிங்களத்தில், டீவி, டீவி என்று சொல்லிக்கொண்டேயிருந்தாய். பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார். இது யாருடையது, இது என்னது என்று கேட்டார். நான், “மம தன்னே நே” என்றேன். எனக்குத் தெரியாது என்றேன்.

நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. பிறகு சுவரைப் பார்த்தாய். உன்னை ஜீப்பில் ஏற்றும் வரைக்கும் திரும்பவில்லை.

அந்தச் சிங்கள வார்த்தைகளை நான் எங்கே கேட்டேன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில், எனக்கு இருபது வயது நிரம்பாத காலம், கண்டியில் கடைகள் எரிந்தபோது, உன் தாத்தாவோடு வேலை செய்த சிங்களவர் ஒருவர் எங்களைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப் போய்த் தன் வீட்டில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் ஒரு கூட்டம் வந்து, இங்கே தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டது. அவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி, வயிற்றில் பிள்ளையோடு, வாசலில் தனியாக நின்றார். அலுமாரிக்குப் பின்னால் குந்தியிருந்த எனக்கு அவருடைய குரல் மட்டும் கேட்டது. “மம தன்னே நே” என்றார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். அந்த வார்த்தைகள் ஆளைக் காப்பாற்றும் என்று நான் அன்றைக்கு நம்பிவிட்டேன். அவற்றைச் சொன்னவர் யாருக்காகச் சொன்னார் என்பதை யோசிக்கவில்லை. அவர் சொன்னது எங்களுக்காக. நான் சொன்னது எனக்காக.

பின்னேரம் இரண்டு மணிக்கு என்னை ஸ்டேஷனுக்குள் விட்டார்கள். சுவரோரம் ஒரு வாங்கு. அதில் உட்காரச் சொன்னார்கள். பொறுப்பதிகாரி தலை நரைத்த, களைத்த மனிதர். உன்னை அடிக்கவில்லை என்று முதலில் எனக்குச் சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவருக்காகச் செபிக்கிறேன். நீ சொன்னதையெல்லாம் கேட்டிருந்தார், ஆனால் நம்பவில்லை. ஒரு ரிமோட் இன்னொரு ரிமோட்டிடம் படிக்கும் என்பது அவருக்குப் பிள்ளைக் கதையாக இருந்தது. கடைசியில், மூலையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த டீவியைக் காட்டி, அப்படியென்றால் இதைப் படிக்க வை என்றார். அது படித்தால் நீ வீட்டுக்குப் போகலாம். படிக்காவிட்டால் ஐந்து மணி வாகனத்தில் சாமானும் நீயும் கொழும்புக்கு. கொழும்புக்குப் போன பிள்ளைகளைத் தேடி எத்தனை தாய்மார் அலைந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி என் பாடசாலையிலேயே படிப்பித்தாள்.

மேசை யன்னலோரம் இருந்தது. மேற்கு வெயில் அதன் மேல் விழுந்து கிடந்தது. மேலே டியூப் லைட் வேறு. ஸ்டேஷன் ரிமோட்டை இறப்பர் பட்டியால் கட்டியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து தந்த கான்ஸ்டபிள், அதற்கு முன்னால் டீவியின் சத்தத்தைக் குறைப்பதற்காக அதை உள்ளங்கையில் இரண்டு தடவை தட்டியதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, உன் கண் அதிகாரியின் முகத்தில் இருந்தது. இரண்டையும் நேராக வைத்தாய், இடைவெளி அளந்தாய், அழுத்தினாய். ஐந்து துடிப்பு. நீ படிக்கிற ரிமோட்டை முன்னுக்குத் தள்ளி மறுபடி அழுத்தினாய். ஐந்து துடிப்பு.

மகனே, இதுதான் பெரிய பிழை. முதல் தடவையிலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வெயில், டியூப் லைட், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டேஷன் ரிமோட்டின் பட்டரி. கையில் தட்டினால்தான் வேலை செய்யும் ரிமோட்டுக்கு உயிர் முடிந்துவிட்டது. அது காட்டும் சைகை டீவிக்கு எப்படியோ போதும், படிப்பதற்குப் போதாது. நீ படிக்கிற ரிமோட்டையே நகர்த்திக்கொண்டிருந்தாய். நாங்கள் டீச்சர்மாரும் அப்படித்தான், பிள்ளை படிக்கவில்லை என்றால் பிள்ளையைத்தான் மாற்றி மாற்றி உட்கார வைப்போம். எனக்குத் தெரிந்தும் நான் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் காலையில் சொன்னது பொய் என்று ஆகும். என்னையும் உள்ளே வைத்தால் உனக்காக வெளியே யார் ஓடுவது, தங்கச்சியை யார் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணங்கள் பிழையில்லை. ஆனால் அவை பிறகு வந்தவை. முதலில் வந்தது பயம். இரண்டு தடவை நீ தோற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதான் என்றார். பிறகு என்னைக் காட்டி, உன் அம்மா டீச்சர் அல்லவா, அவருக்கு இது தெரியாதா என்று உன்னிடம் கேட்டார். நீ என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாய். அம்மாவுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது சேர், அவர் இதைத் தொட்டதே இல்லை என்றாய்.

காலையில் நான் உன்னைச் சுவரோடு விட்டேன். நீ அந்தப் பொய்யை எடுத்து எனக்குக் குடையாகப் பிடித்தாய். அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். “எனக்குத் தெரியும் சேர். காலையில் பொய் சொன்னேன். அது என்னுடைய ரிமோட்” என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்கவில்லை. அது பிறகு வந்தது. அப்போது, படிக்க வையுங்கள் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். ஸ்டேஷன் ரிமோட்டுக்குப் புதுப் பட்டரி வேண்டும் என்றேன். கான்ஸ்டபிள் தன் சட்டைப் பையிலிருந்த சின்ன ரேடியோவைத் திறந்து, பல்லைக் கழற்றிக் கொடுப்பது போல இரண்டைத் தந்தார். வெயில் படக்கூடாது, துணியால் மூட வேண்டும் என்றேன். கூடாது, கை வெளியே தெரிய வேண்டும் என்றார் அதிகாரி. நான் யன்னலை மறைத்து நின்றேன். அப்படியும் மேலே டியூப் லைட். அதை அணைக்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. என் கண் போன இடத்தை அவர் பார்த்தார். பிறகு தன் தொப்பியை எடுத்து, இரண்டு ரிமோட்டுக்கும் மேலே தானே கவிழ்த்துப் பிடித்தார். அவருடைய கை தொப்பியில், என் விரல் ஸ்டேஷன் ரிமோட்டின் சிவப்புப் பொத்தானில், உன் விரல் மற்றதில். “இப்ப அமத்துங்கம்மா” என்றாய். அமத்தினேன். தொப்பியின் இருட்டுக்குள் வெளிச்சம் அணைந்தது. விட்டேன். இரண்டு தடவை, மெதுவாகத் துடித்தது. படித்துவிட்டது.

நீ டீவியை நோக்கி நீட்டினாய். அது அணைந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இருவர் ஐயோ என்றார்கள். ஓவரில் இன்னும் இரண்டு பந்து இருந்ததாம். அதிகாரி சிரிக்கவில்லை. மறுபடியும் செய் என்றார். ஐந்தாறு தடவை போட்டு அணைக்க வைத்தார். பிறகு புத்தகத்தை எடுத்து, இப்போது சொல்லுங்கள், காலையில் ஏன் தெரியாது என்றீர்கள் என்று கேட்டார். பயம் என்றேன். அவர் அதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பொழுது படுவதற்குள் உன்னை என்னோடு அனுப்பினார். இரண்டு ரிமோட்டும் மூன்று கிழமைக்குப் பிறகுதான் திரும்பி வந்தன. ராத்தாவுடையதை நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன்னுடையதைத் தலையணை உறைக்குள் வைத்துப் பூட்டினேன். அதைப் பார்க்கும் போதெல்லாம் நீ திரும்பிப் பார்த்த அந்த ஒரு பார்வையும் சேர்ந்து வரும் என்பதால் பூட்டினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது நீ பேசியது ஒரே வரி. “பட்டரியா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல” என்றாய். காலையில் நடந்ததைப் பற்றி இந்த இரண்டு வருடத்தில் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது மன்னிப்பா, நான் வெட்கப்படக்கூடாது என்ற இரக்கமா, அல்லது கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. இந்தத் ‘தெரியவில்லை’ மட்டும் உண்மை. நீ கேட்காததை வசதியாக எடுத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். போன ஞாயிறு மறுபடியும் அதே பதிலைச் சொன்னபோதுதான், அந்த வார்த்தை எனக்குள் எவ்வளவு பழகிப்போயிருக்கிறது என்று பார்த்தேன். யாரும் துப்பாக்கி பிடிக்கவில்லை. வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன்.

புத்தி சொல்ல எனக்குப் பெரிய உரிமை இல்லை. ரிமோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே படிக்கவில்லை என்று வந்தால் முதலில் படிப்பிக்கிற ரிமோட்டைச் சந்தேகப்படு. அதன் மூக்கைக் கைத்தொலைபேசியின் கமராவுக்குக் காட்டி அழுத்திப் பார். வெள்ளைப் பொட்டுத் தெரியாவிட்டால், மங்கலாகத் தெரிந்தால், பட்டரியை மாற்று. பிறகு வெளிச்சம், பிறகு தூரம், கடைசியாக உன் விரல். எல்லாம் சரியாக இருந்தும் சில ரிமோட் படிப்பிக்காது, அதன் சைகை வேறு வகை. அதோடு மல்லுக்கட்டாதே, விட்டுவிடு. தனியாகச் செய்யாதே. அறைக் கதவைச் சாத்தினால், ஏன் சாத்துகிறாய் என்று வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டுச் சாத்து. இன்னொன்று: சிவப்புப் பொத்தானில் இன்னும் அந்த ஸ்டேஷன் டீவியின் சைகைதான் இருக்கிறது. நேற்று எடுத்து அழுத்திப் பார்த்தேன், வெளிச்சம் வருகிறது. அதன் மேல் வேறொன்றைப் படிப்பித்தால் பழையது போய்விடும். படிப்பிப்பதா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வழியில் எத்தனை இடத்தில் பையைத் திறப்பார்களோ. பட்டரியைக் கழற்றி வேறாக வைத்திருக்கிறேன். அப்பா அனுப்பிய ஆங்கிலத் தாளையும் சுற்றி வைத்திருக்கிறேன், அதன் மேல் என் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதியிருக்கிறேன். இதை யாராவது தூக்கிப் பிடித்து யாருடையது என்று கேட்டால், பதறாதே, டீவி, டீவி என்று விளக்கிக்கொண்டிருக்காதே. என் அம்மாவுடையது என்று சொல். நான் உன்னோடு வான் வண்டியில் வருகிறேன். உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நிற்பேன். கூப்பிட்டுக் கேட்டால் நானும் அதையே சொல்வேன்.

அம்மா